சைலன்சரில் எனக்குக் கேட்காமல் போன சத்தம்

தம்பி,

புதன்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் "சரிப்பா, உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது உன் இஷ்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ரேஸ் பைக் ஓட்டுகிற குழு ஒன்று எஞ்சின் கட்டித் தர வா என்று உன்னைத் தேடிக் கூப்பிடுகிறது. உன் பெயரைச் சொன்னவன் திருப்பத்தூர் சரவணன். திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் என் கை ஆகாதும்மா, ஒரு தடவ பாத்தோம்ல" என்றாய். ஆறு வருடத்துக்கு முன்னால் நம் பட்டறையில் நாலு பேர் நிற்கும்போது அப்பா உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அதை நீ சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய், இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். அந்த வார்த்தை அப்பா வாயில் வந்ததற்குக் காரணம் நான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் நீ "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். விடுவதில் நாம் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் நம் பட்டறையில் காற்று பிடித்துப் பார்ப்பது வழக்கம். உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. தப்பு நடந்த இடம் அதுதான் என்பதால் எழுதுகிறேன். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் காற்றை உள்ளே அனுப்புவோம். பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். நூறு அனுப்பினால் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று மீட்டர் காட்டும். எவ்வளவு போகிறது என்று சொல்லுகிற மீட்டருக்கு எந்த வழியாகப் போகிறது என்று சொல்லத் தெரியாது. அதற்குத்தான் காது. கார்பரேட்டர் வாயில் சத்தம் வந்தால் காற்று உள்ளே வருகிற வால்வு. சைலன்சரில் வந்தால் புகை வெளியே போகிற வால்வு. ஆயில் ஊற்றுகிற வாயில் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங், இல்லாவிட்டால் அந்த ரிங் உரசுகிற சிலிண்டர் உட்சுவர், அதாவது போர். உள்ளே போகிற காற்று எஞ்சினைச் சுற்றிவிடாமல் நீளக் கம்பியைப் போட்டு அப்பா அழுத்திப் பிடித்திருப்பார். அவருடைய இரண்டு கையும் அதிலேயே போய்விடும். காது வைக்க இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவராக நான் எப்படி ஆனேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் கோட்டையூர் டவுன் பஸ்ஸில் இறங்கிச் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்குப் போனேன். கூட வேலை பார்ப்பவர் அன்று வரவில்லை. அப்பா கம்பியைப் பிடித்தபடியே, "இந்தா, அந்த ரப்பர் குழாய எடுத்து ஒரு முனைய காதுல வையி. இன்னொரு முனைய நான் சொல்ற எடத்துல பிடி" என்றார். மூன்று இடத்திலும் பிடித்தேன். "சைலன்சர்ல பாம்பு சீறுற மாதிரி இருக்கு" என்றேன். அப்பா நம்பவில்லை. எஞ்சின் மேல்மூடியான ஹெட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த வால்வுதான், ஓரம் கருகிப் போயிருந்தது. அன்றிலிருந்து நான் சொல்லுகிற இடத்தைச் சாக்பீஸால் எஞ்சின் மேலே எழுதிவிடுவார். எழுதிய பிறகு அதைப் பற்றிப் பேச்சு கிடையாது. தேவகோட்டையிலிருந்து வண்டியோடு வருகிறவர்கள்கூட, "அக்கா காது வச்சுட்டாகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனவள் நான். பிறந்த வீட்டில் அறுவடைக் காலத்தில்தான் என்னைத் தேடுவார்கள். எனக்கென்று ஒரு மரியாதை கிடைத்தது அந்த ரப்பர் குழாயால்தான். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று நீங்கள் யாரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது குக்கர் விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே. நீ பட்டறையில் முழு நேரமாக உட்கார்ந்த அந்த வருடம், வீட்டில் தினம் சோறு குழைந்துபோகும். மூன்று விசிலில் இறக்க வேண்டிய குக்கரை நான் ஆறேழு விசில் வரை விட்டுவிடுவேன். கேஸ்கட்தான் போய்விட்டது என்று சொல்லி மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். மூன்றாவது கேஸ்கட் வாங்கி வந்தபோது நீ, "அம்மா, விசில் ஊரையே கூப்புடுது, ஒங்களுக்குக் கேக்கலயா?" என்று கேட்டாய். "ஏதோ யோசனையில இருந்தேன்" என்றேன். யோசனையும் இல்லை ஒன்றும் இல்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அந்த விசில் எனக்குக் காதில் விழவில்லை. அப்பா கூப்பிட்டால் கேட்கும், லாரி ஹார்ன் கேட்கும், பட்டறையில் கிரைண்டர் போட்டால் நன்றாகவே கேட்கும். அதனால் காதில் கோளாறு என்று எனக்கு நானே ஒத்துக்கொள்ளவில்லை. குக்கரைக் குறை சொல்வது சுலபமாக இருந்தது.

சரவணனுடைய ரேஸ் பைக் அந்த வருடம்தான் நம் பட்டறைக்கு வந்தது. நீ அவனோடு படித்தவன், எஞ்சினை நானே கட்டுகிறேன் என்று அப்பாவிடம் கேட்டு வாங்கினாய். வால்வு போய் உட்காருகிற சீட்டை அறுப்பதை மட்டும் அப்பா தன் கையில் வைத்துக்கொண்டார். போரின் சுவரைத் தேய்த்து ஹோனிங் போட்டது, ரிங் இடைவெளி பார்த்து அரம் வைத்தது, மாட்டியது எல்லாம் நீ. ரிங்கை நகத்தில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே சாப்பிட உட்கார்வாய். கையைக் கழுவு என்று நான் கத்தியது நினைவிருக்கிறதா? கட்டி முடித்து, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பழக்கிவிட்டு, காற்று பிடித்தோம். நூற்றில் இருபதுக்கு மேல் வெளியே போனது. சந்தைக்குப் போகிற வண்டியாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். ரேஸ் எஞ்சினில் ஐந்தாறு போனாலே முகம் சுளிப்பார்கள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு "சொல்லு" என்றார். நான் மூன்று இடத்திலும் குழாயை வைத்தேன். கார்பரேட்டரில் ஒன்றும் இல்லை. சைலன்சரில் ஒன்றும் இல்லை. ஆயில் வாயில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். "ஆயில் வாய்" என்றேன். அப்பா "ரிங்" என்று எழுதினார்.

நீ மட்டும் அசையவில்லை. "அப்பா, ஒரு ஸ்பூன் ஆயில உள்ள ஊத்தித் திருப்பிக் காத்துப் பிடிச்சுப் பாத்துருவோம். ரிங்குன்னா ஆயில் கொஞ்சம் அடைச்சுக்கிரும், மீட்டர் ஏறும். ஏறலன்னா வேற எடம்" என்றாய். எவ்வளவு சரியான பேச்சு. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மா சொன்னதுக்கப்பறம் என்ன ஊத்திப் பாக்குறது?" என்று முடித்துவிட்டார். எனக்கு அது குளிர்ந்தது, தம்பி. பெற்ற பிள்ளை சொன்னது தோற்று நான் சொன்னது ஜெயித்ததில் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதுவரை நடந்தது தப்பு, அவ்வளவுதான். கேட்காததைக் கேட்கவில்லை என்றே நினைத்தேன்.

அதற்கு மறுநாள் நடந்தது வேறு. அப்பா நீ போட்ட ரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ரிங்கைத் தானே மாட்டினார். மறுபடியும் காற்று பிடித்தோம். மீட்டர் அப்படியே நின்றது. ரிங் ஒழுகியிருந்தால் ரிங்கை மாற்றியதும் கொஞ்சமாவது ஏற வேண்டாமா? இதைப் புரிந்துகொள்ள நீ படித்த படிப்பு வேண்டாம், எனக்கே புரிந்தது. குழாயை எடுத்து மறுபடியும் சைலன்சரில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் இல்லாததனால் கேட்கவில்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. குக்கர் விசில் அப்போதுதான் என் மண்டையில் அடித்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, சைலன்சர்ல நிச்சயமா ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டாய். "இல்லன்னு சொல்றேன்ல. எத்தன தடவ கேப்ப?" என்று நான் எரிந்து விழுந்தேன். முதல் நாள் சொன்னது தப்பு. இரண்டாம் நாள் சொன்னது பொய். "எனக்குச் சரியாக் கேக்கல, நீ வந்து காது வச்சுப் பாரு" என்று சொல்லியிருந்தால் போதும். உனக்கு இருபத்திரண்டு வயது, எறும்பு நடந்தாலும் கேட்கிற காது. நீ குழாயை வாங்கியிருந்தால் அந்த நொடியே தெரிந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு குழாய் என் கைக்குத் திரும்பி வராது என்று எனக்குப் பயம். நீ சந்தேகப்பட்டால் அப்பாவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்துக்கு உன்னை விலையாகக் கொடுத்துவிட்டேன்.

மீட்டர் ஏன் ஏறவில்லை என்பதற்கு அப்பாவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். "புது ரிங்கு, இன்னும் உக்காரல. ஓடுனா சரியாப் போயிரும்" என்றார். புது ரிங் உட்கார நேரம் பிடிக்கும் என்பதும் உண்மைதானே, அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நீயும் சரவணனும் பைக்கை ஏற்றிக்கொண்டு ரேஸுக்குப் போனீர்கள். நாலு ரவுண்டு நன்றாக ஓடி, ஐந்தாவது ரவுண்டில் எஞ்சின் திணறி, சரவணன் கையைத் தூக்கிக் காட்டி ஓரமாக ஒதுங்கினான் என்று நீதான் வந்து சொன்னாய். அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து உன்னிடம், "பரவால்லடா, அடுத்த வருசம் பாத்துக்குவோம்" என்றானாம். அவன் திட்டியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பட்டறையில் ஹெட்டைப் பிரித்தால் சைலன்சர் பக்கத்து வால்வின் ஓரம் தின்றுபோயிருந்தது. நான் பார்த்தேன். கல்யாணமான புதிதில் நான் முதல்முதலாகச் சொன்ன அந்த வால்வு மாதிரியே இருந்தது. அப்பா அதையும் ரிங் தலையிலேயே கட்டினார். "இவன் ஹோனிங் போட்ட லட்சணத்துல எந்த ரிங்கும் உக்காராது. ரிங்கு சூட்ட வாங்கலன்னா அது எங்குட்டுப் போகும்? வால்வத்தான் திங்கும்" என்றார். பிறகுதான் அந்த வார்த்தை. "ரேஸ் எஞ்சினுக்கெல்லாம் ஒன் கை ஆகாதுடா." பெஞ்சில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கையைச் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினாய். அடுத்த வாரம் சென்னையில் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எஸ்டிமேட் போடுகிற வேலைக்குப் போனாய். அன்றிலிருந்து நீயும் அப்பாவும் பேசிக்கொள்வது என் மூலமாகத்தான். "அவன் நல்லாருக்கானாமா?" "அப்பா மாத்திரை போடுறாங்களா?" இடையில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

போன மாதம் காது பரிசோதனைக்குப் போனது உனக்குத் தெரியும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். நான் அழுத்தாமல் ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அந்தப் பெண், "கனமான சத்தமெல்லாம் கேக்குதும்மா. மெல்லிசா, கீச்சுன்னு வர்றதுதான் போயிருச்சு. இது இப்ப போனது இல்ல, ரொம்ப வருசமாவே இருக்கும்" என்றாள். கிரைண்டர் பக்கத்தில் நின்றே காதை விட்டிருக்கிறேன். காது மிஷின் வாங்கி மாட்டினேன். அப்பா "வயசானா வர்றதுதானே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். போன வாரம் கானாடுகாத்தான் ஹோட்டலில் இருந்து பழைய ஜீப் ஒன்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் காற்று பிடித்தோம். குழாய் முனையைக் காது மிஷின் பக்கத்தில் பிடித்தேன். சைலன்சரில் சீறல். மிஷினைக் கழற்றினேன். சைலன்சரில் சத்தம் செத்துப்போய்விட்டது, ஆயில் வாயில் மட்டும் பெருமூச்சு. நல்ல எஞ்சினில்கூட அந்த வாயில் கொஞ்சம் மூச்சு இருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மாட்டினேன், சீறல். கழற்றினேன், இல்லை. "என்னத்தா, காதக் கழட்டிக் கழட்டி மாட்டுற?" என்று அப்பா கேட்டார். "சைலன்சர்" என்று மட்டும் சொன்னேன். அன்றே அவரிடமும் உன்னிடமும் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். புதன்கிழமை நீ போன் செய்து "என் கை ஆகாதும்மா" என்று சொன்ன பிறகு தள்ளிப்போட இடம் இல்லை.

இன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எத்தன வருசமாக் கேக்கல?" என்றார். "குக்கருக்குக் கேஸ்கட் மாத்துனோம்ல, அப்பருந்து" என்றேன். "அப்ப அன்னக்கி சைலன்சர்ல போயிருக்கும்" என்றார். "அப்படித்தான் இருக்கும்." "அந்த சீட்ட அறுத்தது நானு." "ஆமா, நீங்கதான் அறுத்தீக." எழுந்து போய், கழற்றிய பழைய சாமான்களைப் போட்டுவைக்கிற டப்பாக்களைக் கிளறினார். எதையும் தூக்கிப் போடாதவர் ஆச்சே. நீ போட்ட ரிங்கு காகிதத்தில் சுற்றி அப்படியே இருந்தது. வெயிலுக்குக் கொண்டுபோய் லென்ஸை வைத்து முழு வட்டமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தி ஒரே மாதிரி மின்னுது. ஒரு எடம் விடாம உக்காந்துருக்கு" என்றார். சாக்பீஸில் எழுதிவிட்டதால் அன்று அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லையாம். அப்புறம் தானாகவே, "ஒரு கல்யாணத்துக்குப் போற அவசரத்துல அறுத்தேன் அந்த சீட்ட" என்றார். கடைசியில், "பிள்ளைய நாலு பேர் முன்னாடி சொல்லிப்புட்டேனே" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டட்டும் என்று நின்றேன், திட்டவில்லை.

உன் கையில் அன்றும் குறை இல்லை, இன்றும் இல்லை. நீ போட்ட ரிங் காற்றைப் பிடித்தது. நீ கேட்ட கேள்வி சரி. கோயம்புத்தூருக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்லுகிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். சென்னை வேலை பிடித்திருந்தால் அங்கேயே இரு. ஆனால் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் உன்னுடைய காரணத்துக்காகச் சொல். நான் சொன்ன பொய்யைக் காரணமாக வைத்து மறுக்காதே. ஒருவேளை போனால், உன்னோடு வேலை பார்க்கிற யாராவது "எனக்குத் தெரியல", "எனக்குச் சரியாக் கேக்கல" என்று சொன்னால் அவர்களைத் திட்டாதே, அந்த மாதிரி ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். எவ்வளவு கெட்டிக்காரர் சொன்னாலும் இன்னொரு வழியில் ஒரு தடவை சோதித்துப் பார். சொன்னது உன் அம்மாவாக இருந்தாலும் பார். சரவணனுக்கும் நான் தனியாக எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு என்று இப்போது கேட்கவில்லை. உனக்குக் கோபம் வரட்டும். ஆறு வருடமாக உன் மேலேயே பட்டுக்கொண்டிருந்த கோபம் அது, கொஞ்சம் என் மேலும் படட்டும்.

இதை இன்று மத்தியானமே கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உனக்குப் போன் செய்வார். நான் செய்யச் சொல்லவில்லை, அவராகவே உன் நம்பரை என்னிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். என்ன பேசுவார் என்று எனக்கும் தெரியாது. நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், இடையில் நின்று சொன்னது போதும். அவருக்கு வார்த்தை சட்டென்று வராது, உனக்குத் தெரியுமே. போனை எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. வைத்துவிடாதே, தம்பி.

அம்மா